மலையோரத் தோட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் உதவித்தொகை: தோட்டக்காரர்களிடமும் வன இலாகாவிடமும் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

மேற்குச்சரிவு (பாலிக் புலாவ், பினாங்கு)

வணக்கம். டுரியான், ஜாதிக்காய், கிராம்பு என்று கலந்து வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்த குழு எங்களுடையது. ஆளுக்கு இரண்டு முதல் எட்டு ஏக்கர் வரை. பெரும்பாலும் சரிவு நிலம். சில தோட்டங்களின் மேல் எல்லை நிரந்தர வனக் காப்பகத்தை ஒட்டியே போகிறது.

மண் சரியாமல் காப்பவர்கள், ஓடைக்கரையை விட்டுவைப்பவர்கள், காட்டோரத்தைப் பேணுபவர்கள் ஆகியோருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுப்பதென்றால் அது எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று குழுவின் சார்பில் ஒரு கருத்துரை எழுதப்போகிறோம். அதற்கு முன் தோட்டக்காரர்களையும் வன இலாகா ஊழியர்களையும் சந்தித்துப் பேச வேண்டும். "சுற்றுச்சூழலைப் பாதுகாக்க விருப்பமா?" என்று கேட்டால் நாற்பது பேரும் தலையாட்டுவார்கள். அந்தப் பதிலை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது.

இங்கிலாந்தில் விவசாயிகளையும் காடு வளர்ப்பவர்களையும் கேட்டுத்தான் இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தார்களாம். அங்கே எது சரியாக வந்தது, எது கெட்டது? நம் ஊர் நில உரிமைச் சிக்கலில் எதைக் கவனிக்க வேண்டும்? ஏக்கருக்கு இவ்வளவு என்று எழுதிவிடலாமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

*

ஆற்றங்கரை (கோலாலம்பூர்)

இங்கிலாந்து விஷயம் முதலில். அங்கே முன்பு ஐரோப்பிய முறைப்படி நிலத்தின் பரப்பைப் பார்த்து மானியம் கொடுத்தார்கள். 2020 விவசாயச் சட்டம் அதை மாற்றி, பொது நன்மைக்குத்தான் பொதுப்பணம் என்றது. பழைய மானியத்தை 2021 முதல் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கினார்கள். டெஃப்ரா என்ற அமைச்சு 2020 பிப்ரவரியில் கலந்தாய்வு ஆவணம் ஒன்றை வெளியிட்டு, கொரோனாவால் இடையில் நிறுத்தி, மறுபடி திறந்து ஜூலை 31-இல் முடித்தது. காகிதத்தில் கருத்துக் கேட்டதோடு விடாமல், விவசாயிகளோடு சிறு சிறு சோதனைகளையும் கூடவே நடத்தினார்கள். உண்மையான தகவல் வந்தது அந்தச் சோதனைகளில்தான் என்பது என் கணிப்பு.

அந்த ஆவணத்தில் மூன்று அடுக்குகள் இருந்தன: எல்லா விவசாயிக்கும் ஒன்று, அந்தந்த வட்டார இயற்கைக்கு ஒன்று, பெரிய நிலப்பரப்பை முழுக்க மாற்றுவதற்கு ஒன்று. முதலாவது சஸ்டெயினபிள் ஃபார்மிங் இன்சென்டிவ், சுருக்கமாக எஸ்.எஃப்.ஐ. நடு அடுக்கைத் தனியாகக் கொண்டுவரவே இல்லை. ஏற்கெனவே இருந்த கன்ட்ரிசைட் ஸ்டூவர்ட்ஷிப் திட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள்.

உங்களுக்கு உதவக்கூடியவை எனக்குத் தெரிந்து நான்கு.

தொகையைக் கணக்கிட்ட முறை முதலாவது. "இதைச் செய்வதால் எவ்வளவு வருமானம் போகும், எவ்வளவு கூடுதல் செலவு ஆகும்" என்பதுதான் அடிப்படை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இருபது வருடமாக நல்லபடி செய்துவருகிறவருக்குப் புதிதாக இழப்பு ஏதும் கிடையாது. இதையே அப்படியே எடுத்துக்கொண்டால், ஓடைக்கரையை மொட்டையாக்கி வைத்திருப்பவருக்குக் காசு கிடைக்கும், காத்து வைத்தவர் வெறுங்கையோடு நிற்பார். எஸ்.எஃப்.ஐ. இதில் ஒரு நல்ல காரியம் செய்தது: ஏற்கெனவே இருக்கும் வேலியையும் கணக்கில் எடுத்துப் பராமரிக்கப் பணம் தந்தது. உயிர்வேலியைப் பராமரிக்க ஒரு பக்கத்துக்கு 100 மீட்டருக்கு 13 பவுண்டு, அதன் நிலையைப் பார்த்து எழுதி வைக்க 5 பவுண்டு. இது மீட்டர் கணக்கு, பரப்புக் கணக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, சிறியவர்களின் தாள் வேலை. ஐந்து ஏக்கர்காரரும் ஐந்நூறு ஏக்கர்காரரும் நிரப்பும் படிவம் ஒன்றுதான். மண்ணைப் பரிசோதித்துத் திட்டம் எழுதும் இனத்தில் ஹெக்டேருக்கு 6 பவுண்டோடு, ஒப்பந்தம் ஒன்றுக்கு 97 பவுண்டு நிலையாகவும் கொடுத்தார்கள். பிறகு முதல் 50 ஹெக்டேருக்கு மட்டும் ஹெக்டேருக்கு 20 பவுண்டு நிர்வாகத் தொகை சேர்த்தார்கள். உங்கள் குழுவில் எல்லாருமே சிறியவர்கள். ஆகவே "தோட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு நிலைத்தொகை, அதற்கு மேல் வேலைக்கேற்ற தொகை" என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்.

மூன்றாவது, வரம்பு போடாமல் விட்டது. சில இனங்களுக்குத் தொகை நன்றாக இருந்ததால், விளைநிலத்தை மொத்தமாக அதில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் வந்தது. 2024-இல், உற்பத்தியிலிருந்து நிலத்தை எடுக்கும் ஆறு இனங்களுக்குப் பண்ணைப் பரப்பில் 25 விழுக்காடுதான் என்று கட்டுப்பாடு வந்தது. முதலிலேயே வைத்திருந்தால் யாருக்கும் மனத்தாங்கல் வந்திருக்காது.

நான்காவதுதான் அதிகம் வலித்தது. பணம் தீர்ந்துவிட்டது என்று 2025 மார்ச் 11 அன்று எஸ்.எஃப்.ஐ.க்குப் புதிய விண்ணப்பங்களை அன்றைக்கே நிறுத்தினார்கள். மூடுவதற்கு முன் ஆறு வாரம் முன்னறிவிப்பு உண்டு என்று நம்பி, பாதி நிரப்பி வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அப்படி இடையில் நின்றவர்களுக்கு மட்டும் பிறகு வரம்புத் தொகையோடு மறுபடி வழி விட்டார்கள். ஐந்து ஆண்டு கலந்து பேசிச் சேர்த்த நம்பிக்கை ஒரே சாயங்காலத்தில் கரைந்தது. உங்கள் கருத்துரையில் "நிறுத்துவதானால் இத்தனை நாள் முன்னறிவிப்பு, தொடங்கிய விண்ணப்பம் செல்லும்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.

காடு வளர்ப்பவர்களுக்கு வேறு கணக்கு. மரம் நட்டால் அந்த நிலம் காடாகவே நிற்க வேண்டியதாகிவிடும். வெட்டினால் மறுபடி நடச் சொல்வார்கள். குத்தகைக்காரர் நில உரிமையாளரைக் கேட்காமல் அதில் இறங்க முடியாது. எஸ்.எஃப்.ஐ.யோ மூன்றாண்டு ஒப்பந்தம். அந்த மூன்றாண்டு நிலம் தன் கையில் இருக்கும் என்று காட்டினால் குத்தகைக்காரரும் சேரலாம். இந்த வித்தியாசத்தை நன்றாக யோசியுங்கள்.

*

கிராண்ட் படிப்பவர் (பட்டர்வொர்த்)

மேலே ஐயா கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன். நம் ஊரில் கூட்டம் உடையும் இடம் இதுதான்.

யார் பெயரில் நிலம் இருக்கிறது என்பதை முதலில் ஒரு பட்டியலாகப் போடுங்கள். நாலு வகை வரும்.

சொந்த கிராண்ட் (நிலப் பட்டா) உள்ளவர் சிக்கலில்லை. ஆனால் கிராண்டில் நில வகையும் நிபந்தனையும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். விவசாய நிலம் என்று இருந்தால் சரி. சில பழைய கிராண்டுகளில் குறிப்பிட்ட பயிரின் பெயரே நிபந்தனையாக இருக்கும். ஒரு மூலையைக் காட்டுமரத்துக்கு விடுவது அந்த நிபந்தனையோடு மோதுமா என்று நில அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, தாத்தா பெயரிலேயே கிடக்கும் கிராண்ட். பேரன் தோட்டத்தைப் பார்க்கிறார், பங்காளி ஆறு பேர். பணம் யார் கணக்கில் போகும்? சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் 1955-இன் கீழ் பெயர் மாற்ற வேலையைத் தொடங்கினாலும் அது ஒரு பருவத்தில் முடியாது. ஆகவே, "பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்ற சான்றும் பங்காளிகளின் கையெழுத்தும் இருந்தால் தோட்டம் பார்ப்பவர் ஒப்பந்தம் செய்யலாம்" என்று கேட்க வேண்டும். இந்த வரி விடுபட்டால் குழுவில் பலர் வெளியே நிற்பார்கள்.

மூன்றாவது குத்தகை. தேசிய நிலச் சட்டப்படி மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். மூன்றாண்டு அல்லது அதற்குக் குறைவானால் பதிவு வேண்டாம். நம் ஆட்கள் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலோ இரண்டு வரிக் கடுதாசியிலோ இருப்பவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம்தான் என்று திட்டம் வந்தால் இவர்களில் ஒருவரும் தகுதி பெற மாட்டார்கள். மூன்றாண்டு என்றால் நுழையலாம். மண்காப்பு வேலைக்கு மூன்றாண்டு ஒப்பந்தம், மரம் நடுவதற்கு மட்டும் நீண்ட ஒப்பந்தம் என்று பிரித்துக் கேட்பதுதான் சரி.

நான்காவது எல்.பி.எஸ்., அதாவது அரசு நிலத்தில் தற்காலிகமாக இருக்கத் தரும் உரிமம். இது அந்தந்த ஆண்டு டிசம்பர் 31-உடன் முடியும். கைமாற்ற முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் போயிற்று. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் நிலத்தில் நீண்ட மர வேலைக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். இவர்களுக்குச் செய்த வேலைக்கு அந்தந்த ஆண்டே கணக்கு முடிக்கும் இனம் வேண்டும்: களைக்கொல்லி அடிக்காமல் புல் வெட்டியது, வடிகால் குழி தூர்வாரியது போன்றவை.

இன்னொன்று. பினாங்கில் 1960 நிலப் பாதுகாப்புச் சட்டத்தை லேசாக நினைக்காதீர்கள். மலைநிலம் என்று அரசிதழில் அறிவித்த இடத்தில் அனுமதியின்றிக் குறுகிய காலப் பயிர் வைப்பதற்கும் நிலத்தைச் சுத்தம் செய்வதற்கும் தடை உண்டு. மண்காப்பு என்ற பெயரில் எக்ஸ்கவேட்டர் வைத்துப் புதுத் தெராஸ் (சரிவில் வெட்டும் படிநிலம்) வெட்டினால் அதுவே குற்றமாகலாம். ஆகவே புதுத் தெராஸ் வெட்டப் பணம் கேட்காதீர்கள். இருப்பதைச் சீர்செய்ய மட்டும் கேளுங்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்பதையும் தெளிவாகப் பேசுங்கள். மத்திய அரசு 2019-இல் 60 மில்லியன் ரிங்கிட்டில் தொடங்கிய சூழலியல் நிதிப் பகிர்வு 2025 பட்ஜெட்டில் 250 மில்லியன் ஆனது. ஆனால் அது மாநில அரசுகளுக்குப் போகும் பணம், காட்டைக் காத்ததற்காக. தோட்டக்காரர் கைக்கு நேரே வருவதில்லை. நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம் என்பதால், உங்கள் கருத்துரையை மாநிலத்தை நோக்கித்தான் எழுத வேண்டும்.

*

சரிவுமண் (ரெலாவ், பினாங்கு)

ஏக்கருக்கு இவ்வளவு என்று எழுதாதீர்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

சமமட்டக் கோட்டில் வெட்டிவேர் வரிசை வைப்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் உயர வித்தியாசம் 2 மீட்டர், நாற்றுக்கு நாற்று 15 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 10 டிகிரிச் சரிவில் வரிசைகள் கிடைமட்டத்தில் 11.3 மீட்டர் தள்ளி வரும். ஏக்கருக்குச் சுமார் 357 மீட்டர் வரிசை, 2,400 நாற்று. அதே கணக்கு 20 டிகிரியில் 5.5 மீட்டருக்கு ஒரு வரிசை, 736 மீட்டர், 4,900 நாற்று. இரண்டு மடங்குக்கு மேல். செங்குத்தில் ஏறி இறங்கி நடும் கூலி இதில் சேரவில்லை. ஏக்கருக்கு ஒரே தொகை என்றால் மெல்லிய சரிவில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். எங்கே மண் உண்மையில் சரிகிறதோ அங்கே யாரும் சேரமாட்டார்கள். 2017 நவம்பர் மழையில் மலை எப்படி இறங்கியது என்று இந்தத் தீவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சரிவுகளுக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்றால் இந்தத் திட்டத்துக்கு அர்த்தமே இல்லை. மீட்டர் கணக்கு, அதுவும் சரிவுக்கேற்ப இரண்டு மூன்று படிகளில், என்று கேளுங்கள்.

சரிவை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். தண்ணீர்க் குழாய் மட்டமும் கயிறும் போதும். கிடைமட்டம் 10 மீட்டருக்கு உயரம் 1.76 மீட்டர் ஏறினால் 10 டிகிரி, 3.64 என்றால் 20, 4.66 என்றால் 25. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு தோட்டத்திலும் மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

ஓடைக்கரை: ஜே.பி.எஸ். (வடிகால், நீர்ப்பாசன இலாகா) வழிகாட்டியில் 5 மீட்டருக்குக் குறைந்த அகல ஓடைக்கு இரு பக்கமும் 5 மீட்டர், 5 முதல் 10 மீட்டர் ஓடைக்கு 10 மீட்டர். சிறிய ஓடை 100 மீட்டர் நீளம் தோட்டத்துக்குள் ஓடினால் இரு கரையும் சேர்ந்து 1,000 சதுர மீட்டர், கிட்டத்தட்டக் கால் ஏக்கர். பத்துக்குப் பத்து மீட்டர் இடைவெளியில் டுரியான் வைத்தவருக்கு அது பத்து மரத்தின் இடம். காய்க்கும் மரத்தை வெட்டச் சொன்னால் ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டார். "இருக்கும் மரம் நிற்கட்டும், மருந்து அடிக்கக்கூடாது, மண் தெரியக்கூடாது, மரம் பட்டுப்போனால் அங்கே மறுபடி டுரியான் வைக்காமல் காட்டுமரம் வைக்க வேண்டும்" என்று விதி எழுதினால் நடக்கும். கிராண்ட் வரைபடத்தில் ஓடை ஒதுக்கு நிலம் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கழித்திருந்தால் அந்த நிலத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. பராமரிப்புக் கூலிதான் கேட்கலாம்.

களைக்கொல்லி விஷயத்தில்தான் திட்டம் எழுதுபவர்கள் தவறிப்போவார்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தடை. இப்போது கிளைபோசேட் அடிக்கிறார்கள். ஏன் அடிக்கிறார்கள்? சோம்பலால் இல்லை. உதிர்ந்த டுரியான் கண்ணுக்குத் தெரிய வேண்டும், விடியலுக்குள் பொறுக்க வேண்டும், பாம்பு மிதிபடக்கூடாது. ஆகவே "மூடுபயிர் ஆண்டு முழுக்க அடர்த்தியாக இருக்க வேண்டும்" என்று விதி வந்தால் மே மாதத்திலேயே மீறப்படும். உதிரும் பருவத்தில் இயந்திரத்தால் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டலாம், வேர் மண்ணில் இருக்க வேண்டும் என்று எழுதினால் போதும். மண்ணைப் பிடித்திருப்பது அந்த வேர்தானே.

எந்த மூடுபயிர் என்பதும் முக்கியம். செம்பனைத் தோட்டத்தில் போடும் முக்குனா பிராக்டியேட்டாவைப் பட்டியலில் பார்த்துவிட்டு இங்கேயும் எழுதிவிடுவார்கள். அது கொடி. இளம் டுரியான் மேல் ஏறி மூடிவிடும். மாதாமாதம் சுற்றி அறுக்க ஆள் வேண்டும். சரிவான பழத்தோட்டத்துக்குத் தாழ்ந்து படரும் மாட்டுப்புல் நல்லது. தண்டைச் சுற்றி ஒரு மீட்டர் புல் இல்லாமல் விடுங்கள். மழைத்துளி மண்ணைத் தெறித்துத் தண்டில் ஏற்றினால் தண்டழுகல் கிருமி கூடவே ஏறும். அதே நேரம் தண்டை ஒட்டிப் புல் மண்டினாலும் ஈரம் தங்கி அதே நோய்தான். அந்த ஒரு மீட்டரில் உலர்ந்த சருகு போடுவதே பொருத்தம்.

கேள்வித்தாள் என்று தனியாக வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: எத்தனை முறை, ஒரு முறைக்கு எத்தனை ஆள்நாள், இயந்திரமா கையா, எண்ணெய்ச் செலவு, எந்த மாதம் செய்ய முடியாது. மருந்து அடித்தால் ஆகும் செலவைப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கேட்க வேண்டிய தொகையின் அடிப்படை. ரிங்கிட்டில் கேட்காதீர்கள், ஆள்நாளில் கேளுங்கள். கூலி ஏறும், ஆள்நாள் மாறாது.

*

மேற்குச்சரிவு

மூவருக்கும் மிக்க நன்றி. நாங்கள் ஏக்கர் கணக்கில்தான் வரைவு எழுதி வைத்திருந்தோம், மாற்றுகிறோம். இரண்டு சந்தேகம். வன இலாகாவையும் தோட்டக்காரர்களையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்கலாமா? எந்த மாதம் வைப்பது?

*

தாமரைச்செல்வி_பந்தாய் (கோலாலம்பூர்)

ஒரே கூட்டம் வேண்டாம். காட்டெல்லை ஓரத்தில் சிலருடைய மரங்கள் அரசு நிலத்துக்குள் நாலடி போயிருக்கும். அனுமதியில்லாமல் அரசு நிலத்தில் இருப்பது தேசிய நிலச் சட்டம் 425-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். அமலாக்க அதிகாரம் உள்ளவர் முன்னால் உட்கார்ந்திருந்தால் யாரும் எல்லையைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். முதலில் தோட்டக்காரர்களை மட்டும் கூட்டி ஆள்நாள் தாளை நிரப்புங்கள். பிறகு வன இலாகாவிடம் தனியாகப் போங்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு: எந்த எல்லைக்கல் காணவில்லை, காட்டோரத்தில் என்ன மரம் வைத்தால் அவர்களுக்கு ஏற்பு, நாற்று அவர்களே தருவார்களா, பார்வையிட ஆண்டுக்கு எத்தனை முறை ஆள் அனுப்ப முடியும். இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பார்வையிட ஆளில்லை என்றால் பணம் பட்டுவாடா தேங்கிவிடும். மூன்றாவதாக, இரு தரப்பையும் சேர்த்து ஒரு தோட்டத்தில் நின்றபடி பேசுங்கள். ஓடைக்கரையில் நின்று ஐந்து மீட்டர் கயிறு பிடித்துக் காட்டினால் மண்டபத்தில் ஒரு மணி நேரம் பேசியதைவிட அதிகம் புரியும்.

மாதம்: டுரியான் உதிரும் மே முதல் ஜூலை வரை தொடவே தொடாதீர்கள்; இரவெல்லாம் தோட்டத்தில் இருப்பார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை, மலைப்பாதை வழுக்கும். சீனப் புத்தாண்டு, தைப்பூசம், நோன்பு மாதம் மூன்றையும் பார்த்து, பிப்ரவரி இறுதி அல்லது மார்ச்சில் ஒரு நாள். தாள் மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் இருக்கட்டும். நிரப்பிய தாளின் ஒரு படியை அவரவர் கையிலேயே கொடுங்கள். பிறகு தொகை அறிவிக்கும்போது தாங்கள் சொன்னது என்ன, வந்தது என்ன என்று அவர்களே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணத்தையும் வன இலாகா கூட்டத்தில் சொல்லுங்கள். டுரியான் பூ இரவில் மலர்கிறது; மகரந்தச் சேர்க்கைக்கு முக்கியமாக வருவது தேன் குடிக்கும் குகை வௌவால். டுரியான் பூக்காத மாதங்களில் அது அலையாத்திக் காட்டு பெரெபாட் மரம் போன்றவற்றின் தேனில்தான் பிழைக்கிறது. மலைத்தோட்டத்தின் காய்ப்பு கடலோரக் காட்டையும் நம்பியிருக்கிறது. காட்டோர நிதியைச் சரிவு நிலத்துக்கு மட்டும் என்று சுருக்காமல் கேட்க இது வலுவான ஆதாரம்.

*

ஆற்றங்கரை

அக்கா சொன்ன பட்டுவாடாவோடு ஒன்று சேர்க்கிறேன். மரம் நடும் உதவியில் இங்கிலாந்திலும் முதலில் தன் காசைப் போட்டு நட்டுவிட்டுப் பிறகுதான் செலவைக் கேட்டு வாங்க வேண்டும். 700 மீட்டர் வெட்டிவேருக்கு நாற்றும் கூலியும் முன்பணமாகப் போட நம் சிறுதோட்டக்காரரிடம் இருக்காது. கையெழுத்தானதும் ஒரு பங்கு, நட்டு முடித்துப் பார்வையிட்டதும் ஒரு பங்கு, அடுத்த மழைக்காலம் தாண்டி வரிசை நின்றிருந்தால் மீதி என்று பிரித்துக் கேளுங்கள். மழையில் அடித்துப்போன இடத்தை மறுபடி நட ஒரு தவணை அவகாசம் வேண்டும். அதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்ற வரியும் சேரட்டும். நாற்றுக்கு வெளியே அலைய வேண்டாம்: குழுவிலேயே இரண்டு பேர் இப்போதே தாய்ப்பாத்தி போட்டுத் தூர் பிரித்துப் பெருக்கத் தொடங்கினால், ஒப்பந்தம் வரும்போது நாற்று கையில் இருக்கும்.